நாய்க்கு விரதம் இல்லை

ஒரு கிலோ எடைகூட இல்லாத நாய்க்குட்டி ஒன்று என் தவறால் சாகக் கிடந்தது. அந்தத் தவறை, அதைக் கொண்டு வந்த பெண்ணின் தலையில் நான் கட்டினேன். அதற்கு இரண்டே வாக்கியங்கள் போதுமாக இருந்தன. அவற்றில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதனாலேயே பல ஆண்டுகள் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நான் சித்தூர்ப் பக்கம் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் மாட்டு ஆஸ்பத்திரிக்கு மாடு வரும், ஆடு வரும், கோழி கூடையில் வரும். இப்போது கைப்பையில் நாய் வருகிறது. திருப்பதியிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஒற்றை அறை வீட்டில் சிவாவா வளர்க்கிறார்கள். உலகத்திலேயே சின்ன நாய் அதுதான். இளம் மருத்துவர்கள் சிலர், இந்த நாய்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் இந்தக் கதையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

திருப்பதியில் ஐந்தாண்டு படித்தேன். எல்லாம் மாடும் எருமையும்தான். நாய்க்கு ஒரு பருவம் ஒதுக்கினார்கள். பொம்மை நாய்கள் எனப்படும் குட்டி இனங்களுக்கு ஒரு படம், அதுவும் கறுப்பு வெள்ளை. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை வைத்திருந்தார்கள். பரீட்சையில் எனக்குக் கோப்பைதான் நினைவுக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் முதல் சிவாவாவை நேரில் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் சட்டைப் பைக்குள் கொண்டு வந்தார். தலையைத் தடவினேன். உச்சியில் எலும்பு இல்லை. பச்சைக் குழந்தையின் தலைபோல மெத்தென்று அமுங்கியது. "மண்டை உடைஞ்சிருக்கு. யாரோ அடிச்சிருக்காங்க" என்றேன். அவர் அங்கேயே போனை எடுத்து மைத்துனரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது எங்கள் உதவி இயக்குநர் நரசிம்மலு சார் உள்ளே வந்தார். அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமானவர், குரல் எழும்பியதே இல்லை. நோயாளி வந்ததும் முதலில் அதன் பெயரைக் கேட்பார், அப்புறம்தான் உரிமையாளரின் பெயர். சின்னப் பிராணியாக இருந்தால் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தைக் கைக்குள் மூடி, சூடேறும் வரை காத்திருப்பார். நோய்ச்சீட்டை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். பிராணி குணமாகி, என்ன நடந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு அதன் மேலேயே மையால் எழுதுவார். தெலுங்கும் தமிழும் அவர் பேச்சில் ஒரே கிண்ணத்தில் கலந்திருக்கும்.

குட்டியின் தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏமய்யா சாமுவேல், இது அடி இல்ல, பிறவி. இந்த ஜாதிக்கு உச்சி இப்படித்தான் இருக்கும். அந்த மைத்துனர் பாவம்" என்றார். கடைக்காரர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தெலியாதுன்னு சொன்னா யாரும் உன் வேலையைப் பிடுங்க மாட்டாங்க. அதைச் சொல்லிப் பழகு."

நான் அதைப் பழகவில்லை. நாய்களைப் பற்றி மட்டும் படித்தேன். பார்த்துப் பார்த்தும் கற்றுக்கொண்டேன். சிவாவா நடுங்கினால் குளிர் என்று முடிவு கட்டக் கூடாது. கோபத்திலும் நடுங்கும், சந்தோஷத்திலும் நடுங்கும். கழுத்துப் பட்டை கட்டினால் மூச்சுக்குழல் நசுங்கும்; மார்போடு வார் போட வேண்டும். கட்டிலிலிருந்து குதிக்க விட்டால் முழங்கால் சில்லு நழுவும். போர்வை எங்கே கிடந்தாலும் உள்ளே புகுந்துகொள்ளும். ஆகவே வீட்டில் யாரும் பார்க்காமல் உட்காரக் கூடாது. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கும். மற்ற ஒன்பது பேரை அது பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தான் சின்னது என்பதை மட்டும் யாராலும் அதற்குப் புரியவைக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஓங்கோல் காளையை ஒரு சிவாவா எதிர்த்து நின்றதைப் பார்த்தேன். காளைதான் ஒதுங்கிப் போயிற்று.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் கண்டக்டர் வந்தான்.

கண்டக்டர் என்பது நாயின் பெயர். வைத்தவர் முனிரத்தினம், சித்தூர் வேலூர்த் தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டில் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மகள் கௌரி மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்தாள். கூழில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்கும் வேலை. அங்கிருந்து மாற்றலாகிப் போன மேலாளர் ஒருவர் விட்டுச்சென்ற குட்டியை, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எடுத்து வந்தாள்.

"அது இன்னா சார் பேரு, கண்டக்டர்னு?" என்று எங்கள் அட்டெண்டர் கேட்டதற்கு முனிரத்தினம் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முப்பது வருசம் கண்டக்டர் வெசில் குடுத்தாத்தான் நான் வண்டிய எடுப்பேன். இப்ப இவன் கொலச்சாத்தான் எழுந்துக்கறேன். வேற இன்னா பேரு வெக்கறது?"

கண்டக்டருக்குச் சோறு வைத்தது அப்போது கௌரிதான். வேலைக்குப் போகுமுன் இரண்டு தடவை, வந்தபின் இரண்டு தடவை. அவித்த முட்டையை நகத்தளவு நறுக்கி வைப்பாள்.

அது புரட்டாசி மாதம். கண்டக்டருக்கு ஏழு மாதம். பால்பற்கள் இரண்டு விழாமலே நிற்க, பக்கத்தில் புதுப்பற்கள் முளைத்துவிட்டன. இந்த இனத்தில் சகஜம். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டும். வெள்ளிக்கிழமை கௌரி கொண்டுவந்து காட்டினாள். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வாங்கம்மா. இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேணாம்" என்றேன். அது இருபது கிலோ நாய்க்குச் சொல்லும் விதி. எத்தனையோ நாய்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. ஒரு கிலோ நாயின் உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. குட்டியாக இருக்கும்போது இரண்டு வேளை தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

மறுநாள் எட்டரை மணிக்கு, ஓர் எருமை கன்று போட முடியாமல் கிடப்பதாக ஆள் வந்தது. போனேன். பதினோரு மணிக்குக் கன்று உயிரோடு வெளியே வந்தது. வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வேர்க்கடலைச் சட்னியோடு நான்கு தோசை சாப்பிட்டேன். மோர் குடித்தேன். மாந்தோப்பில் காற்று நன்றாக இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி ஒன்று.

கௌரி பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு, துண்டுக்குள் கண்டக்டர்.

"ரொம்ப நேரமா தூங்கிக்கினு கீறான் சார். எழுப்பனாலும் எழுந்துக்க மாட்டேன்றான்."

அது தூக்கம் இல்லை. ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. மேசையில் வைத்ததும் நான்கு கால்களும் விறைத்து வெட்டி இழுத்தன. வலிப்பு என்று நினைத்து அதற்கான மருந்தை ஊசியில் ஏற்றினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு நரசிம்மலு சார் தன் அறையிலிருந்து வந்தார். என் கையை மட்டும் தள்ளினார்.

"முதல்ல சக்கரை. அப்புறம் மத்ததெல்லாம்."

குளுக்கோஸ் தூளை வெந்நீரில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு, உதட்டின் உட்புறத்தில் தேய்த்தார். வாயில் ஊற்றவில்லை, நினைவில்லாத குட்டிக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு பக்கம் தேய்த்துவிட்டு மறுபக்கம், மறுபடியும் முதல் பக்கம். காலி சலைன் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டு சுற்றி வயிற்றோடு அணைத்து வைத்தார். என்னை முன்னங்காலில் நரம்பு பிடிக்கச் சொன்னார். நரம்பு தையல் நூல் பருமன்தான் இருந்தது. குளுக்கோஸ் மருந்தைப் பாதிக்கு மேல் நீர்க்கச் செய்து, கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார். அவசரப்பட்டால் நரம்பே வெந்துபோகும். இழுப்பு நின்றது. அப்போதுதான் கௌரியின் பக்கம் திரும்பினார்.

"பேரு என்னம்மா இவனுக்கு?"

"கண்டக்டர் சார்."

"கண்டக்டரு கடைசியா எப்புடும்மா துன்னான்?"

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு சார். அப்புறம் ஒண்ணும் குடுக்கல."

"குடுக்கக் கூடாதுன்னு எவரு சொன்னாங்க?"

கௌரி என்னைப் பார்த்தாள். எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம் அது. அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நொடியில் அது நினைவுக்கு வரவே இல்லை. சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு முகங்கள்தான் கண்ணில் பட்டன. அவள் நெற்றியில் காலையில் இட்ட நாமம் கண்ணில் பட்டது.

"இன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை சார். அவங்க வீட்ல விரதம்" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "நாய்க்குமா விரதம்? பெருமாளே."

"இல்ல சார், டாக்டர் சார்தான்..." என்று ஆரம்பித்த கௌரி, என் கையில் இருந்த ஊசியையும் கண்டக்டரின் காலையும் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். நரசிம்மலு சார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதினார்.

கண்டக்டர் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். நான்கு மணிக்கு என்னைப் பார்த்துக் குரைத்தான்.

இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில் கொஞ்சம் உணவு கொடுக்கச் சொல்லி, அன்றைய முதல் வேலையாக அந்தப் பற்களைப் பிடுங்கினோம். நரசிம்மலு சார் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் முடிந்த பிறகு பழைய நோய்ச்சீட்டை என் முன் வைத்தார். 'வீட்டில் விரதம், உணவு தரப்படவில்லை' என்று பென்சிலில் இருந்தது.

"இன்னும் பென்சில்லயே இருக்கு சாமுவேல். மையில ஏத்தலாமா?"

நான் உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் அவர். எனக்கு அது அன்றே புரிந்தது.

"ஏத்தலாம் சார்" என்றேன்.

இந்த இடத்தில் அந்த இரண்டு வாக்கியங்களும் பொய்யாயின.

கதை ஊரில் நன்றாக ஓடியது. சித்தூர்க்காரர்களுக்கு நல்ல கதை கிடைத்தால் வேலூர் பஸ் கிளம்புவதற்குள் அது அங்கே போய்விடும். சனிக்கிழமை விரதம் இருந்த நாய் என்று கண்டக்டருக்குப் பேர் வந்தது. முனிரத்தினம் மகளிடமிருந்து சோற்றுக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். டாக்டர்தான் சொன்னார் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. நாயின் உணவு டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆண்டுதோறும் தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவரே கதை சொல்வார். "படிச்ச பொண்ணுதான், ஆனா நாயையும் விரதம் இருக்கச் சொல்லிட்டா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கௌரி அவருடன் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறுதோறும் சபையில் பாவ அறிக்கை சொல்லுகிறவன் நான். பொதுவாகச் சொல்வது எளிது. அதில் கௌரி என்ற பெயரைச் சேர்த்து ஒருநாளும் சொன்னதில்லை. நரசிம்மலு சார் காலமானார். நான் ஓய்வு பெற்றேன்.

சென்ற ஆண்டு, இளம் மருத்துவர்கள் சிலர் சின்ன நாய்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பேச்சு களைகட்டட்டும் என்று நானே அந்த விரதக் கதையைச் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. சிரிப்பு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அவங்க பல்லு பிடுங்கறதுக்குத்தானே அன்னைக்கு வந்தாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப மயக்க மருந்துக்காகப் பட்டினி போடச் சொல்லியிருப்பீங்களே சார்? விரதம் இல்லாட்டியும் அது பட்டினிதானே?"

அவர் குற்றம் சாட்டவில்லை. நடைமுறையில் சந்தேகம் கேட்டார், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளில் வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி. "ஆமாம். நான்தான் சொன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அடுத்த நாள் முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் உயிரோடு இருந்தான். பதின்மூன்று வயது தாண்டி முகம் வெளுத்திருந்தது, பற்கள் பாதி போய்விட்டன, குரல் மட்டும் அப்படியே. முனிரத்தினத்தின் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைத் திட்டித் தீர்த்தான். கௌரி காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமலே சொன்னேன். எதையும் மழுப்பவில்லை. தோசையையும் சொன்னேன்.

முனிரத்தினம் என் முன்னிருந்த காபியை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "எங்க வெச்சுய்யா சொன்ன அத?" என்றார். அதுவரை நான் அவருக்கு டாக்டர் சார்.

"ஆஸ்பத்திரியில."

"எத்தினி பேரு இருந்தாங்க?"

"பத்துப் பன்னிரண்டு பேர்."

"அப்ப இங்க வந்து காதுல சொன்னா சரியாப்பூடுமா? அங்க போயி சொல்லு. அதே மாரி ஜனம் இருக்கும்போது சொல்லு."

"நைனா, உடு. அவருக்கும் வயசாயிடுச்சு" என்றாள் கௌரி.

"நீ சும்மா இரு. உன்ன எத்தினி வருசம் நான்..." என்றவர் கண்டக்டரின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

கௌரி என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "ஃபேக்டரில சிரிச்சாங்க சார். நாள் பூரா கூழுல சக்கரை பாக்கறவ, வூட்டு நாய்க்குச் சக்கரை எறங்கனது தெரியலன்னு. அதுகூடப் பரவால்ல. கொஞ்ச வருசம் போனப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நீங்க சொன்னீங்களா, இல்ல நானே அப்படி நெனச்சிக்கினேனான்னு."

கிண்ணத்தையும் நல்ல பெயரையும் மட்டும்தான் நான் எடுத்துக்கொண்டதாக எண்ணியிருந்தேன். அவளுடைய ஞாபகத்தையும் எடுத்திருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முனிரத்தினம் ஆட்டோவில் வந்தார், கண்டக்டர் துண்டுக்குள். கௌரி அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். பெஞ்சில் எட்டுப் பேர், வெளியே மூன்று மாடு, உள்ளே ஆடுகள். ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. முனிரத்தினம் தரையில் கைத்தடியைத் தட்டினார்.

"எல்லாரும் இப்டிக் கொஞ்சம் பாருங்க. டாக்டரு ஒண்ணு சொல்லணுமாம். ஏறுனவங்க யாரும் நடுவுல எறங்கக் கூடாது."

நான் எழுந்து நின்று சொன்னேன். இந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன விதி தவறு, நான் தாமதமாக வந்தேன், நாய் விழுந்தது, அவள் விரதத்தின் மேல் பழி போட்டேன். ஓர் ஆடு இடையில் இரண்டு முறை கத்தியது. முடித்ததும் ஆட்டைப் பிடித்திருந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இவ்ளோதானா சார்? எங்க வூட்டுக்காரு இருவது வருசமா எல்லாத்துக்கும் எம்மேல பழி போட்டுக்கினு கீறாரு. ஒரு நாளு இப்டி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னு சொல்லியிருப்பாரா?" பிறகு கௌரியைப் பார்த்து, "நீ குடுத்து வெச்சவ தாயி. சரி சார், இந்த ஆட்டுக்கு வயிறு ஊதிக்கினு கீது, யாரு பாக்கறது?" என்றாள்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. கௌரியும் சிரித்தாள். ஆட்டை நானே பார்த்தேன்.

அன்று மாலை முனிரத்தினம் அலமாரியைத் திறந்து, உணவு டப்பாவையும் கிண்ணத்தையும் மகளிடம் கொடுத்தார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கண்டக்டர் அவள் வைத்ததைத் தொடவில்லை. இந்த இனம் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று மேலே எழுதினேன். பதின்மூன்று ஆண்டுகளாக அவனுக்குச் சோறு என்பது முனிரத்தினத்தின் கை. கௌரி தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேட்டிக்குள் போய்விடுவான். மருத்துவரின் மன்னிப்பு அவன் கணக்கில் சேர்த்தி இல்லை.

இந்த வேலையாவது எனக்குத் தெரிந்த வேலை. தினமும் போனேன். முதலில் முனிரத்தினத்தின் கையில் முட்டை, கௌரி பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். பிறகு அவர் கை மேல் அவள் கை. பிறகு அவள் கை மேல் அவர் கை. அவருடைய பழைய துண்டை அவள் தோளில் போடச் சொன்னேன். வேளை தவறாமல் நாலு தடவை. சாப்பிடாத வேளைக்கு அவர் கையால் கொடுத்துவிட வேண்டும். வயதான சிவாவாவையும் பட்டினியால் வழிக்குக் கொண்டுவரக் கூடாது. இளம் மருத்துவர்கள் இந்த வரியை மட்டுமாவது அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

"மாமியா வூட்டுக்கு வந்த புது மாப்ள மாரி பண்றான் சார்" என்பாள் கௌரி.

"அவன் இன்னா பண்ணுவான்? நான் கெடுத்து வெச்சிட்டேன்" என்பார் முனிரத்தினம். மகளிடம் அவர் நேராக மன்னிப்புக் கேட்டதை நான் பார்க்கவில்லை. அவள் உட்காருவதற்குமுன் பாயைத் தட்டிப் போடுவதைப் பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். கௌரி சனிக்கிழமை விரதத்தை என்றைக்கோ விட்டுவிட்டாள். இந்தப் புரட்டாசியிலும் தொடங்கவில்லை. கேட்டேன். "உட்டுப்போச்சு சார். மறுபடி உக்காந்தா அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருது" என்றாள்.

ஊட்டிப் பழக்கத் தொடங்கிய பதினேழாம் நாள் சபைக் கூட்டத்தில் இருந்தேன். போன் அடித்தது. கௌரி.

"துன்னுட்டான் சார். என் கையால. நைனா குளிக்கப் போயிருந்தாரு. முழு முட்டையும்."

"முனிரத்தினம் அண்ணன் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. காலைல இருந்து அவருதான் துன்ன மாட்டேன்றாரு. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறாரு."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. அது வேற டாக்டர்."

"அதெல்லாம் தெரியாது. நீங்க பண்ண வேலைதான இது? நாளைக்கு வந்து அவருக்கு நீங்களே ஊட்டி உடுங்க."

மறுநாள் போனேன். முனிரத்தினம் ஒரு வாய்கூட என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. கௌரி கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.